மோரிஸ் காரில் ஆறு ஓட்டைகள்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 ஜனவரி 1979

தம்பி தியாகராசா,

பொங்கலுக்கு நீங்கள் யாரும் வரவில்லை. கிள்ளானிலிருந்து இங்கே வர ஒரு மணி நேரம் ஆகிறது என்று பூமணி யாரிடமோ சொன்னாளாம். போன ஆகஸ்டில் காரை எடுத்துப் போக நீ அரை மணியில் வந்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது போகட்டும். நான் எழுதுவதும் காரைப் பற்றித்தான்.

என் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் தங்கமணி இப்போது அதே வார்டில் நோயாளியாகப் படுத்திருக்கிறாள். சிநேகிதியின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போயிருக்கிறாள். ஒரு லோரி திடீரென்று நின்றது, சிநேகிதி பிரேக் அடித்தாள். தங்கமணி கண்ணாடியில் போய் மோதிவிட்டாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டி, மூன்று வாரமாகக் குழாயில் கஞ்சி போகிறது. இருபத்தாறு வயது. அவள் அம்மா தினமும் என்னிடம் வந்து, "முகம் பழையபடி வந்துருமா சிஸ்டர்?" என்று கேட்கிறார். நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.

அப்பாவின் மோரிஸ் மைனர் 1955ஆம் வருஷத்துக் கார். அதில் பெல்ட் என்று ஒன்றுமே கிடையாது. ஸ்டியரிங் தண்டு நேராக என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. இத்தனை நாள் அதைக் கவனித்ததில்லை. இப்போது சாவி போடும்போதெல்லாம் கவனிக்கிறேன்.

ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்காரரைப் பிடித்திருக்கிறேன். தோளில் குறுக்காக வரும் பெல்ட் போடலாம் என்கிறார். ஒரு சீட்டுக்கு மூன்று ஓட்டை. தரையில் இரண்டு, கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணில் தோள் உயரத்துக்கு ஒன்று. அந்தத் தூண் வெறும் தகரமாம், உள்ளே ஒன்றுமில்லாத பொள்ளலாம். அதனால் உள்பக்கமாகத் தடித்த இரும்புத் தகட்டை வெல்டிங் பண்ணி, அதில்தான் போல்ட்டை முடுக்க வேண்டுமாம். எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டுக் கடைசியில், "அக்கா, கார் கிராண்ட் உங்க பேருல இல்லியே. ஓனர் எழுத்துல குடுக்கணும். இல்லாட்டி நான் கை வைக்க மாட்டேன் லா" என்கிறார்.

கிராண்ட் என்கிற பதிவுப் பத்திரப்படி கார் உன் பேரில் இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா,
சிவமலர்


கிள்ளான்,
21 ஜனவரி 1979

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் 14ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. உள்ளடக்கம் கவனிக்கப்பட்டது. தங்கமணிக்கு நடந்ததற்கு நானும் பூமணியும் வருந்துகிறோம்.

கார் விஷயத்தில் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். ஏப்ரலிலிருந்து முன்சீட்டில் பெல்ட் கட்டாயம் என்று பேப்பரில் நானும் படித்தேன். பழைய கார்களுக்கு அது பொருந்தாது என்று எங்கள் ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். ஆகவே சட்டப்படி நமக்குத் தொந்தரவு இல்லை.

அந்த மோரிஸ் சாதாரணக் கார் அல்ல. முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும் மாடல். கோலாலம்பூரில் இப்போது அந்த மாதிரி எத்தனை ஓடுகிறது, சொல்லுங்கள்? பழைய கார் ஊர்வலத்தில் மூன்று வருஷமாகத் தொடர்ந்து கப் வாங்கியிருக்கிறோம். போன வருஷம் ஒரு வெள்ளைக்கார நீதிபதி கதவைத் திறந்து, பாயைத் தூக்கித் தரையைப் பார்த்துவிட்டு, "Not one hole" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா வாங்கிய நாள்முதல் இந்த இருபத்துநாலு வருஷத்தில் கம்பெனி போட்ட ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை அதில் கிடையாது. அதில் போய் ஆறு ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை.

அவ்வளவு பயமாக இருந்தால் இடுப்புக்கு மட்டும் பெல்ட் போடுங்கள். தரையில் போட்டால் பாய் மறைத்துக்கொள்ளும். தூணில் கை வைக்க வேண்டாம்.

தங்கள் தம்பி,
வே. தியாகராசா

(பூமணி தேசிக்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள்.)


பிரிக்ஃபீல்ட்ஸ்,
28 ஜனவரி 1979

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. உள்ளடக்கம் கவனிக்கப்பட்டது. எனக்கு ஒரு ஃபைல் நம்பரும் போட்டுவிடு, அடுத்த கடிதத்தில் மேற்கோள் காட்ட வசதியாக இருக்கும்.

இடுப்பில் மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், சாப்பிட்ட பிறகு படி. ஆள் சீட்டிலேயே இருப்பார். முகம் மட்டும் ஸ்டியரிங்குக்குப் போய்விடும். அப்படி வந்தவர்களை ஸ்டிரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றினவள் நான். நீ ஊர்வலத்தில் கப் வாங்கினவன். இதில் யார் பேச்சைக் கேட்பது என்று நீயே யோசி.

அந்தக் காரை நீ வருஷத்தில் ஒரு நாள் ஓட்டுகிறாய். அன்றைக்குத் துடைத்து, மெழுகு போட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு உட்காருகிறாய். மிச்சம் முந்நூற்று அறுபத்துநாலு நாளும் அது விடிகாலை ட்யூட்டிக்கு என்னை ஏற்றிக்கொண்டு போகிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது நான். மழையில் வைப்பர் நின்றால் இறங்கித் துணியால் துடைப்பதும் நான்தான். உன்னுடைய டாட்சன் காரில் கம்பெனிக்காரனே தோள் பெல்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான், பூமணி அழகாகக் கட்டிக்கொண்டு போகிறாள். அவளுக்கு இருப்பது தோள், எனக்கு இருப்பது என்ன, தகரமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் சொல்லாமல்தான் இருந்தேன். பதினாலு வருஷத்துக்கு முந்தி ராதாகிருஷ்ணன் என்னைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தபோது, அப்பா இல்லாத வீட்டில் நீதான் ஆம்பிளை என்று, என்னைவிட மூன்று வயது இளைய உன் சம்மதத்தைக் கேட்க வேண்டியிருந்தது. நீ தரவில்லை. இப்போது எனக்கு நாற்பத்துநாலு வயது. முப்பத்தாறு கட்டில் உள்ள ஒரு வார்டு என் பொறுப்பில் இருக்கிறது. டாக்டர்மார் என் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறார்கள். காரில் ஓட்டை போட இன்னும் உன்னிடம் சம்மதம் கேட்டு நிற்கிறேன்.

இனி இதைப் பற்றி உன்னிடம் பேச மாட்டேன். என் விஷயத்தை என் வழியில் பார்த்துக்கொள்கிறேன்.

சிவமலர்

ஊறுகாயில் உப்புத் தூக்கல். பூமணியிடம் நன்றாக இருந்தது என்று சொல்.


கிள்ளான்,
2 பிப்ரவரி 1979

அக்கா,

பழைய கதை எல்லாம் இப்போது எதற்கு? கார் என் பேரில் இருக்கிறது. என் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் நான் வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

தியாகராசா


கிள்ளான்,
12 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லிப் பூமணி பக்கத்திலேயே நிற்கிறாள்.

சனிக்கிழமை எனக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. முதலில் படித்தது பூமணிதான். படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

"மதிப்புமிகு ஐயா தியாகராசா அவர்களுக்கு. உங்கள் அக்கா சிவமலர் அவர்கள் விஷயமாக எழுதுகிறேன். தாலி விஷயத்தில் அக்கா ரொம்ப உறுதியாக இருக்கிறார். வயது ஆகிவிட்டது, இனிமேல் எதற்கு என்று நீங்கள் நினைக்க வேண்டாம். 17ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் இடத்திலேயே தாலி போட ஏற்பாடு. சிங்கப்பூரில் சொல்லி நல்ல தாலியாக வரவழைத்துவிட்டேன். இருந்தாலும் உங்களைக் கேட்காமல் செய்ய எனக்கு மனம் இல்லை. சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும். மற்றதெல்லாம் அக்கா எழுதியிருப்பார். இப்படிக்கு நசீருதீன், ஸ்ரீ கெம்பாங்கான்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். போஸ்ட்கார்டில் எழுதியிருக்கிறாரே, தபால்காரர் வரைக்கும் படித்திருப்பாரே என்று கத்தினேன். பூமணி, "கல்யாணத்தை ஒளிச்சா வைப்பாங்க? நீங்க பேசாம இருங்க" என்றாள். பிறகுதான் யோசித்தேன். ராதாகிருஷ்ணன் அன்று வந்தபோது குல்லா போட்ட ஒரு சிநேகிதர் கூட வந்து வாசலிலேயே நின்றார். அவர்தான் இந்த நசீருதீனாக இருக்க வேண்டும். தாலி 'கட்ட' என்று எழுதாமல் 'போட' என்று எழுதியிருக்கிறார். நம் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் விஷயத்தை உங்கள் வழியில் பார்த்துக்கொள்வதாக நீங்கள் எழுதியதற்கு இதுதான் அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அக்கா, அன்று நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. நீங்கள் அடுப்படியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். நான் முடியாது என்றேன். "உங்க அக்காவ ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா நான் போயிடறேன்" என்றார். நான் எழுந்து நின்று, "அவங்களக் கேட்கத் தேவையில்ல. நாங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. ரப்பர் தோட்டத்துல பொறந்த ஆளுக்கு எங்க வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டோம்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நீங்கள் தட்டோடு வந்தபோது அவர் தெருவுக்குப் போய்விட்டார். "அவசர வேலையாம், போயிட்டார்" என்று நான்தான் பொய் சொன்னேன். அப்புறம், நான் சம்மதிக்கவில்லை என்று மட்டும் உங்களிடம் சொன்னேன். அவர் உங்களைக் கேட்கச் சொன்னதை இன்றுவரை சொல்லவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டோம் என்ற திமிர் இருந்தது. அது தப்பு. பெரிய தப்பு. என்னை மன்னியுங்கள் அக்கா.

மாப்பிள்ளை அவர்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் சரி. இதை எழுத்தில் தருகிறேன்: சனிக்கிழமை தாலி போட எனக்கு முழுச் சம்மதம். சிங்கப்பூர்த் தாலி எதற்கு? அம்மாவின் தாலிக்கொடி என்னிடம்தான் இருக்கிறது. அது மூத்தவளுக்குச் சேர வேண்டியது, கொண்டு வருகிறேன். நம் வழக்கப்படி பெண்ணின் தம்பிதானே மாப்பிள்ளைத் தோழன்? அன்று வாசலோடு திருப்பி அனுப்பியவரை இன்று நானே வாசலில் நின்று காலைக் கழுவி உள்ளே கூட்டி வருவேன். அதற்கு நீங்கள் அனுமதி தர வேண்டும்.

உங்கள் தம்பி,
தியாகராசா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 பிப்ரவரி 1979

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்தேன். அதுதான் நான் செய்த பிழை. பாதி படிக்கும்போது நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நர்ஸ்மார் ஓடி வந்தார்கள். மீதியைப் படிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

தம்பி, எனக்குக் கல்யாணம் இல்லை. கல்யாண வேட்டியைப் பெட்டியில் வை.

நசீருதீன் ஒர்க்‌ஷாப்காரர். நான் முதல் கடிதத்தில் எழுதினேனே, அவர்தான். ராதாகிருஷ்ணனை அவருக்கு யாரென்றே தெரியாது. பட்டறையில் அவரோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மலாய்க்காரர்கள். சீட் பெல்ட்டை அவர்கள் 'தாலி பிங்காங்' என்பார்கள். மலாயில் தாலி என்றால் கயிறு, வார்; பிங்காங் என்றால் இடுப்பு. நாள் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு இவர் வாயிலும் பெல்ட் என்ற சொல்லே வருவதில்லை. "தாலி வந்துருச்சிக்கா, தாலி சோக்கா இருக்கு" என்று என்னிடமே பல தரம் சொல்லியிருக்கிறார். காரில் இருந்த கிராண்ட் நகலில் உன் விலாசத்தைப் பார்த்து, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டார். வயதானது என்று அவர் எழுதியது காரைத்தான். இதை எல்லாம் நான் விளக்க வேண்டியிருக்கிறது பார்! அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து தினமும் மலாயில் கடிதம் எழுதுகிறவன் நீ!

ராதாகிருஷ்ணன் தைப்பிங்கில் மனைவி, நாலு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். போன வருஷம் ஒரு கூட்டத்தில் பார்த்தேன். தலை பாதி நரைத்துவிட்டது. மரியாதையாகப் பேசினோம். ஆகையால் எனக்காக நீ இரக்கப்பட வேண்டாம், எனக்கு அது பிடிக்காது. நான் என் வாழ்க்கையைத் தலை நிமிர்ந்துதான் வாழ்ந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அவர் என்னைக் கேட்கச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நீ முடியாது என்றதும் மறு வார்த்தை பேசாமல் போய்விட்டார் என்றுதான் பதினாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு மனிதர் நினைத்தார் என்பது எனக்கு உள்ளுக்குள் ஒரு குறைச்சலாகவே இருந்தது. அப்படி இல்லை என்று இன்றைக்குத் தெரிந்தது. உன் மேல் எவ்வளவு கோபம் வந்ததோ, அவ்வளவு பெருமையும் எனக்கு வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. மன்னித்துவிட்டேனா என்று இன்று கேட்காதே. இரண்டு நாள் கொடு.

இப்போது கார். உன் கடிதத்தில், "தாலி போட எனக்கு முழுச் சம்மதம்" என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். இந்த ஒரு வரியை நசீருதீனிடம் காட்டினால் போதும், சனிக்கிழமையே ஆறு ஓட்டையும் போட்டுவிடுவார். காட்ட மாட்டேன். தெரியாமல் கொடுத்த சம்மதத்தை வைத்து நான் காரியம் பார்க்க மாட்டேன். சனிக்கிழமை வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். பெல்ட் போடும்வரை பஸ்ஸில் போகிறேன்.

அக்கா,
சிவமலர்

காலைக் கழுவுவேன் என்று எழுதியிருந்தாய். நீ வந்திருந்தால் நாலு சக்கரத்தையும்தான் கழுவியிருக்க வேண்டும்.


கிள்ளான்,
18 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்கா,

மூன்று நாளாகப் பூமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரிகிறாள். நேற்றுக் காலை சரியாகப் பத்து மணிக்குக் கடியாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்நேரம் தாலி ஏறியிருக்கும்" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். அதில் எழுதிய எதையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் அந்த வரியைக் காட்டவில்லை என்று எழுதியதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. நானாக இருந்தால் காட்டியிருப்பேன். காட்டிவிட்டு, அதையும் கெட்டிக்காரத்தனம் என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். நீங்கள் பஸ்ஸில் போகிறீர்கள். என் அக்கா என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட அனுமதிக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது. யார் யாருக்கு அனுமதி கொடுப்பது? ஆகையால் அதை எழுதவில்லை. இத்துடன் கார் கிராண்டும், பேர் மாற்றுகிற ஃபாரமும் இருக்கின்றன. என் கையெழுத்தை எல்லா இடத்திலும் போட்டுவிட்டேன். உங்கள் கையெழுத்துக்குரிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். காரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஓட்டை போடுங்கள், அறுபது போடுங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அம்மாவின் கொடியையும் அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன். அது கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது அல்ல, உங்களுக்கு என்று அம்மா சொல்லி வைத்தது. பதினாலு வருஷம் அதை நான் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
தியாகராசா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
11 மார்ச் 1979

அன்புள்ள தம்பிக்கு,

நீ வந்துபோன பிறகு எழுத நேரமே கிடைக்கவில்லை. பேர் மாற்றி வாங்க வாகன ஆபீசுக்கு மூன்று தரம் நடக்க வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, "கணவர் வரலியா ஆன்டி?" என்று கேட்டார். "கார்தான் வந்திருக்கு" என்றேன்.

நேற்று வேலை முடிந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணிவரை பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். நசீருதீன் உள்பக்கத்து அட்டையைக் கழற்றி, தூணின் பொள்ளலுக்குள் தகட்டை நுழைத்துப் பற்றவைத்தார். அது ஆறியதும் போல்ட்டை முடுக்கி, பெல்ட்டை மாட்டி, "அக்கா, நான் இழுக்கறதப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, காலைக் கதவில் உதைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தார். தூண் அசையவில்லை. மலாய்க்காரப் பெரியவர் ஒருவரும் கூடச் சேர்ந்து இழுத்தார். அப்போதும் அசையவில்லை. எனக்கு என்னவோ நானே வெல்டிங் பண்ணினது போல இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் எனக்குக் கவலை இல்லை. இன்று காலை ட்யூட்டிக்குப் போகும்போது தோளில் பெல்ட் பதிந்து கிடந்தது. தங்கமணியிடம் சொன்னேன், இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்து பேசுகிறாள். வார்டை விட்டுப் போகிற அன்று என்னோடு அந்தக் காரில்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள்.

உன் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். கிழிக்க மாட்டேன். இரண்டு நாள் கேட்டேன், மூன்று வாரம் ஆகிவிட்டது. மன்னித்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வேலை தொடங்குவதற்கு முன்னால் நசீருதீன் டிரில்லைக் கையில் எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். "அக்கா, ஓனர் லெட்டர்?" என்றார். கிராண்டை எடுத்துக் காட்டினேன். "பார்த்தேன்க்கா. இப்ப நீங்கதான் ஓனர். ஆனா ஓனர் எழுத்துல குடுக்கணும், நம்ம ஒர்க்‌ஷாப் ரூல் யாருக்கும் ஒண்ணுதான்" என்றார். பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். காரின் முன்மூடியின் மேல் தாளை வைத்து எழுதினேன்: "என் காரில் தோள் பெல்ட் போட எனக்குச் சம்மதம்." ஆயிரம் பேருடைய ஆபரேஷன் ஃபாரத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் தம்பி. என் சம்மதத்தை என்னிடமே ஒருவர் கேட்டு, நான் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. பேரை முழுதாக எழுதினேன், வேலாயுதம் சிவமலர் என்று. கடைசி எழுத்துக் கொஞ்சம் கோணிவிட்டது. பேனா சரியில்லை என்று அவரிடம் சொன்னேன்.

உன் அக்கா,
சிவமலர்